15 லிட்டருக்குப் பணம், 14 லிட்டருக்குத்தான் சக்தி!

பெட்ரோல் பங்கில் இன்று நமது வண்டியில் ஊற்றப்படுவதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்னும் எரிசாராயம். கரும்பிலிருந்தும், மக்காச்சோளத்திலிருந்தும், அரிசியிலிருந்தும் வடித்தெடுக்கப்படுவது. இந்தக் கலவைக்கு ‘இ-20’ என்று பெயர். 2023 பிப்ரவரி 6ஆம் தேதி பெங்களூரில் பிரதமர் மோடி இதன் விற்பனையைத் துவக்கி வைத்தார். 2030ஆம் ஆண்டில் எட்டுவது என்று 2018ஆம் ஆண்டுக் கொள்கையில் வைத்த இலக்கைப் பிறகு 2025-26க்கு முன்னே இழுத்தார்கள். 2025ஆம் ஆண்டிலேயே நூற்றுக்கு இருபது கலந்தாகிவிட்டது என்று மத்திய சர்க்கார் அறிவித்தது.

தொழிலாளியின் ஓய்வூதிய உயர்வில் காணாத வேகம்; கரும்பு விவசாயியின் பாக்கிப் பணத்தில் காணாத வேகம். அந்த வேகம் இதில் இருந்தது. இருக்கட்டும். அந்நிய நாட்டு எண்ணெய்க்குப் போகும் பணம் மிச்சமாவதை நாம் எதிர்க்கவில்லை. கரும்புக்கும் சோளத்துக்கும் புதிய சந்தை கிடைப்பதையும் எதிர்க்கவில்லை. நாம் எழுப்பும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். இந்த மாற்றத்தால் வரும் செலவை யார் தலையில் கட்டியிருக்கிறார்கள்?

விடை கசப்பானது. யாரிடம் மிகப் பழைய வண்டி இருக்கிறதோ, அவர் தலையில்தான் கட்டியிருக்கிறார்கள்.

யாருடைய பழைய வண்டி?

இ-20 பழைய வண்டிகளைக் கெடுக்கிறது என்ற பேச்சு எழுந்தபோது, சிலர் அதைப் பணக்காரர்களின் பொழுதுபோக்குப் பிரச்னை என்று ஒதுக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பளபளப்பாகத் துடைத்த பழைய மோட்டார் கார்களை வரிசையாக ஓட்டிச் செல்லும் கனவான்களின் கவலை என்று எண்ணினார்கள். அந்தக் கார்களுக்குக் கேடு வருவது உண்மை. ஆனால் அதே கேடு யார் வாசலில் நிற்கிறது என்று தாம்பரம் பக்கம் வந்து பார்க்கட்டும்.

மெப்ஸ் வளாகத்துக்கு வேலைக்கு வரும் பெண் தொழிலாளியின் ஸ்கூட்டி எந்த வருஷத்து வண்டி? பம்மலிலும் அனகாபுத்தூரிலும் இருந்து வேலைக்குப் போகிறவரின் மோட்டார் சைக்கிள் எத்தனையாவது கை மாறியது? படாளம், மதுராந்தகம் பக்கத்துக் கரும்புக் காட்டுக்கு மண்வெட்டியையும் சோற்றுத் தூக்கையும் கட்டிக்கொண்டு போகும் விவசாயத் தொழிலாளியின் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டி எந்தக் காலத்தது? புது வண்டி வாங்குகிறவன் மூன்று வருஷத்தில் அதை விற்கிறான். அதை வாங்கிப் பத்து வருஷம், பதினைந்து வருஷம் ஓட்டுகிறவன் உழைப்பாளி.

இதில் வருஷக் கணக்கு முக்கியம். இ-20ஐத் தாங்கும் ரப்பர், உலோகப் பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலிலிருந்துதான். அந்தக் கலவைக்கென்றே இஞ்சினைச் சரிப்படுத்தி வருவது 2025 ஏப்ரலிலிருந்து. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வரும்வரை இருசக்கர வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை கார்புரேட்டர் வண்டிகளே. ஆகவே, ‘பழைய வண்டி’ என்றால் கண்காட்சிக் கார் மட்டும் அல்ல. வேலைக்குப் போகும் ஜனங்களின் வண்டிகளில் பெரும்பகுதி அதுதான்.

கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30ஆம் தேதி திறக்கப்பட்டது. வெளியூர் பஸ்ஸைப் பிடிக்க ஜனங்கள் இன்னும் தெற்கே போகவேண்டியதாயிற்று. மின்சார ரயில் ஓடாத நேரத்தில் ஷிப்ட் முடிகிறவனுக்கு இரண்டு சக்கரம்தான் துணை. வண்டி அவனுக்கு ஆடம்பரம் இல்லை. அது நின்றால் அன்றைய கூலி நிற்கும்.

பெருங்களத்தூரில் பிறந்த கார்

பழைய கார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றை முற்றிலும் பணக்காரர் சொத்து என்று விட்டுவிட நமக்கு மனமில்லை. 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை தாம்பரத்துக்குத் தெற்கே, பெருங்களத்தூர்-வண்டலூர் பகுதியில்தான் நடந்தது. 1961 முதல் பத்து ஆண்டு காலம் இந்தியச் சாலைகளில் ஓடிய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் அங்கே உருவானதுதான். பிறகு கெஸல் வந்தது. 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. 1988இல் கார் உற்பத்தி நின்றது. அந்த நிலத்தில் இன்று ஐ.டி. கம்பெனிகளின் அடுக்குக் கட்டடங்கள் நிற்கின்றன.

தகடு வளைத்தவர்களும், இஞ்சின் கோத்தவர்களும், பெயின்ட் அடித்தவர்களும் இந்தச் சுற்றுவட்டாரத்துத் தொழிலாளர்கள். தொழிற்சாலை போய்விட்டது. அவர்கள் கைவேலை மட்டும் இன்னும் சில ஹெரால்ட் கார்களில் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அவற்றை ஓட வைப்பவர்களும் தொழிலாளர்களே. பாகம் கிடைக்காத காரை அரம் போட்டும், கடைசல் பிடித்தும், வாஷர் வெட்டியும் ஓடவைக்கும் மெக்கானிக்குகள் புறநகரெங்கும் இருக்கிறார்கள். அந்தக் காரின் பெட்ரோல் பம்பில் கிழியும் டயாஃபிரமும், தாத்தா காலத்து மொபெட்டில் வெடிக்கும் பெட்ரோல் டியூபும் ஒரே காரணத்தால்தான் கெடுகின்றன. அந்தக் காரணத்தைப் பார்ப்போம்.

எரிசாராயம் செய்யும் வேலை

முதலாவது, ரப்பர். பழைய வண்டிகளின் டியூப், வாஷர், சீல், கார்புரேட்டர் ஊசியின் நுனி, தக்கையாலான கேஸ்கட் ஆகியவை பெட்ரோலை மட்டும் தாங்கும்படி செய்யப்பட்டவை. எரிசாராயம் பட்டால் சில வகை ரப்பர் உப்பும். வண்டி நின்று காய்ந்தால் சுருங்கி, விறைத்து, வெடிக்கும். வெடித்த டியூபிலிருந்து பெட்ரோல் கசியும். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று நாம் விளக்கவேண்டியதில்லை. ஆகவே இது மைலேஜ் பிரச்னை மட்டும் இல்லை, உயிர்ப் பிரச்னையும்கூட.

இரண்டாவது, உலோகம். சுத்தமான பெட்ரோல் உலோகத்தை அவ்வளவாகத் தின்பதில்லை. எரிசாராயம் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்த எரிசாராயம் துத்தநாகக் கலவையில் வார்த்த கார்புரேட்டரையும், அலுமினியத்தையும், பித்தளை ஜெட்டையும், ஈயம் பூசிய பழைய டேங்க் தகட்டையும் அரிக்கும். நாள்தோறும் ஓடும் வண்டியில் இது மெல்ல நடக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் வேகமாக நடக்கும். கண்காட்சிக் கார்களும், வேலையில்லாக் காலத்தில் வீட்டில் நிறுத்தப்படும் மொபெட்டும், பருவத்துக்கு மட்டும் எடுக்கும் விசைத் தெளிப்பானும் இதில் ஒரே ஜாதி.

மூன்றாவது, அழுக்கு. எரிசாராயம் நல்ல கரைப்பான். ஆண்டுக்கணக்கில் டேங்கின் அடியில் ஒட்டிக்கிடக்கும் பிசினைக் கரைத்து, துருவையும் கிளப்பிக்கொண்டு வந்து ஜெட்டில் அடைக்கும். “நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி, இன்று பாதி வழியில் நின்றுவிட்டது” என்ற புலம்பலுக்கு இது ஒரு காரணம்.

நான்காவது, எரிதல். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஏனென்றால் அது தனக்குள்ளேயே பிராணவாயுவைச் சுமந்துகொண்டு வருகிறது. புதிய வண்டியில் சென்ஸார் இருக்கிறது. அது அறிந்து எண்ணெயைக் கூட்டிக்கொடுக்கும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. அதன் ஜெட்டில் துளை என்ன அளவோ அவ்வளவுதான் எண்ணெய் வரும். எண்ணெய் போதாமல், காற்று மிஞ்சி எரியும்போது, இஞ்சின் தடுமாறும், சூடேறும், காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். எத்தனால் சேர்ந்தால் ஆக்டேன் எண் உயரும். இஞ்சினில் தட்டுச் சத்தம் குறையும். சர்க்கார் இதைப் பெரிதாகச் சொல்கிறது. உண்மைதான். ஆனால் அந்த உயர்வைப் பயன்படுத்திக்கொள்ள அதிக அழுத்தத்தில் ஓடும் புதிய இஞ்சின் வேண்டும். பழைய ஹெரால்டுக்கும் பழைய மொபெட்டுக்கும் அதனால் பெரிய லாபம் கிடையாது. நல்லது புதிய வண்டிக்கு, கெட்டது பழைய வண்டிக்கு என்று பங்கு பிரிந்திருக்கிறது.

மழைக்காலம்

வடகிழக்குப் பருவமழையில் நமது பகுதி படும் பாடு நாடறிந்தது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீரில் மூழ்கின. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையும் வேளச்சேரியும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. இப்படிப்பட்ட ஊரில் தண்ணீரை இழுக்கும் எண்ணெயை விற்கிறோம் என்றால் எவ்வளவு முன்ஜாக்கிரதை வேண்டும்?

பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தால் அது தனியாக அடியில் நிற்கும். டேங்கைக் கழற்றி வடித்தால் தீர்ந்தது. எரிசாராயம் கலந்த பெட்ரோலில் விஷயம் வேறு. கொஞ்சம் ஈரம் வந்தால் எரிசாராயம் அதைத் தன்னோடு கலந்துகொள்ளும், வெளியே தெரியாது. அளவு மீறினால், எரிசாராயம் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். வண்டி எண்ணெய் எடுப்பது டேங்கின் அடியிலிருந்துதான். ஆகவே இஞ்சினுக்கு முதலில் போவது அந்தத் தண்ணீர்ச் சாராயம். டூ-ஸ்ட்ரோக் வண்டியில் இன்னும் ஆபத்து. பெட்ரோலோடு கலந்த ஆயில் அந்த அடித்தண்ணீரில் கரையாது. ஆயில் இல்லாமல் ஓடும் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். விவசாய வேலையில் பயன்படும் பழைய விசைத் தெளிப்பானுக்கும் புல் வெட்டும் இயந்திரத்துக்கும் இது பொருந்தும்.

பங்கின் நிலத்தடி டேங்கில் வெள்ளத் தண்ணீர் இறங்கினால் ஒரு வண்டிக்கு அல்ல, அன்று எண்ணெய் போட்ட அத்தனை வண்டிக்கும் கேடு. பங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று கோலில் பசை தடவி இறக்கிப் பார்க்கும் முறை உண்டு. அதை மழைக்காலத்தில் வாடிக்கையாளர் கண்ணெதிரில் செய்யவேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

கணக்கைப் பார்ப்போம்

இனி பணக் கணக்கு. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் வெப்பசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலவையில் எத்தனால் ஐந்தில் ஒரு பங்கு. ஐந்தில் ஒரு பங்கில் மூன்றில் ஒரு பங்கு என்றால் பதினைந்தில் ஒரு பங்கு. அதாவது நாம் 15 லிட்டர் இ-20 வாங்கினால், நமக்குக் கிடைக்கும் சக்தி 14 லிட்டர் சுத்த பெட்ரோலுடையது. மீதி ஒரு லிட்டருக்கும் முழு விலை கொடுத்துவிட்டு வருகிறோம்.

இந்தச் சக்திக் குறைவு முழுவதும் மைலேஜில் அப்படியே தெரியாது. வண்டிக்கு வண்டி மாறும். அதனால் நமது கணக்கை விட்டுவிட்டு சர்க்கார் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2021 ஜூனில் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் வழித்திட்ட அறிக்கை சொல்வது இது: முன்பிருந்த எண்ணெய்க்காகச் செய்து, இ-10க்குச் சரிப்படுத்திய வண்டிகளில் இ-20 போட்டால், கார்களில் 6 முதல் 7 சதவீதமும், இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதமும் மைலேஜ் குறையும். மாதம் 15 லிட்டர் போடும் தொழிலாளிக்குச் சர்க்கார் கணக்கிலேயே அரை லிட்டர் நஷ்டம். சென்னையில் 2025ஆம் ஆண்டில் லிட்டர் விலை 100 ரூபாய்க்கு மேல். மாதம் 50 ரூபாய், வருஷம் 600 ரூபாய். ரப்பர் டியூபும், கேஸ்கட்டும், மெக்கானிக் கூலியும், வேலைக்குப் போகாத நாளின் சம்பளமும் இதில் சேரவில்லை.

600 ரூபாய் ஒரு பெரிய தொகையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் கூலிக்குப் போகாதவர்கள்.

சர்க்காரின் சமாதானம்

2025 ஆகஸ்டில் கூச்சல் அதிகமானதும் பெட்ரோலிய மந்திரி இலாகா அறிக்கைகள் விட்டது. மைலேஜ் குறைவு சொற்பம் என்றது. சில பழைய வண்டிகளில் 20,000 அல்லது 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்றவேண்டி வரலாம். அது மலிவான வேலை. வழக்கமான சர்வீசில் செய்துகொள்ளலாம் என்றது.

பாருங்கள், ரப்பர் கெடும் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டாயிற்று. மலிவான வேலை என்றால் அதை எண்ணெய்க் கம்பெனியும் வண்டிக் கம்பெனியும் இலவசமாகச் செய்து கொடுக்கட்டுமே! கெடுப்பது கொள்கை, மாற்றுவது நம் செலவு. இது என்ன நியாயம்?

விலையைக் குறைக்கக்கூடாதா என்று கேட்டால், எத்தனால் விலையே பெட்ரோலைவிட உயர்ந்துவிட்டது என்கிறார்கள். 2024-25ஆம் ஆண்டில் 2025 ஜூலை முடிய, போக்குவரத்தும் வரியும் சேர்த்து எத்தனாலின் சராசரிக் கொள்முதல் விலை லிட்டருக்கு 71 ரூபாய் 32 காசு என்று கணக்குக் காட்டுகிறார்கள். 2021 அறிக்கை வந்தபோது எத்தனால் மலிவாக இருந்தது உண்மை. ஆனால் அந்த அறிக்கை விலையைக் குறைக்கச் சொன்னதற்குக் காரணம் என்ன? சக்தி குறைந்த எண்ணெயை வாங்குகிறவனுக்கு ஈடு கொடுக்கவேண்டும் என்பது. எத்தனால் விலை ஏறியதால் அதன் சக்தி ஏறிவிடவில்லை. வாங்குகிறவனின் நஷ்டம் அப்படியேதான் இருக்கிறது.

பணம் இல்லையா? 2014-15 முதல் 2025 ஜூலை வரை எத்தனாலால் 1 லட்சத்து 44 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி மிச்சமானதாக இதே சர்க்கார் மார்தட்டுகிறது. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்த 2025 ஏப்ரலில், பங்கு விலையைக் குறைக்காமல் கலால் வரியை லிட்டருக்கு 2 ரூபாய் உயர்த்திக்கொண்டதும் இதே சர்க்கார்தான். லாபம் வரும்போது தேசத்தின் பேரால் வாங்கிக்கொள்வது, நஷ்டம் வரும்போது தனி ஆளின் டேங்கில் ஊற்றிவிடுவது என்ற இந்தப் பழக்கத்தை நாம் ஏற்கமுடியாது.

எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்கவேண்டும் என்று ஒருவர் சுப்ரீம் கோர்ட்டில் போட்ட பொதுநல மனு 2025 செப்டம்பர் 1ஆம் தேதி தள்ளுபடியாயிற்று. மனுதாரருக்குப் பின்னால் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது என்று சர்க்கார் தரப்பில் அட்டர்னி ஜெனரல் வாதிட்டார். கோர்ட்டில் மனு போனது போகட்டும். குரோம்பேட்டையில் பழைய ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போகும் தொழிலாளிக்குப் பின்னால் எந்தக் கூட்டம் இருக்கிறது? அவருக்குப் பின்னால் இருப்பது ஹாரன் அடிக்கும் லாரி மட்டுமே.

வசதி உள்ளவனுக்கு வழி இருக்கிறது. எத்தனால் கலக்காதது என்று சொல்லப்படும் 100 ஆக்டேன் உயர்ரகப் பெட்ரோல் சில பங்குகளில் கிடைக்கிறது. 2025இல் அதன் விலை லிட்டர் 150 ரூபாய்க்கும் மேல். பழைய காரைக் கௌரவத்துக்கு வைத்திருப்பவர் அதை வாங்கி ஊற்றுவார். பழைய மொபெட்டை வயிற்றுக்காக வைத்திருப்பவர் எதை ஊற்றுவார்?

பிற தேசங்களில் என்ன செய்தார்கள்?

பிரேஸில் தேசத்தை உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே 2025 ஆகஸ்ட் 1 முதல் நூற்றுக்கு முப்பது கலக்கிறார்கள் என்பது மெய். ஆனால் அவர்கள் இந்தப் பாதையில் இறங்கியது 1975ஆம் ஆண்டில். அரை நூற்றாண்டு! எந்தக் கலவையிலும் ஓடும் கார்கள் 2003 முதல் அங்கே வருகின்றன. பங்கில் எரிசாராயம் தனிக் குழாயிலும், கலவைப் பெட்ரோல் தனிக் குழாயிலும் விற்கிறது. எரிசாராயத்தின் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்கு மேல் போனால் வாங்காதே என்பது அங்கே டிரைவர்கள் அனைவருக்கும் தெரிந்த மனக்கணக்கு. சக்தி குறைந்த சரக்குக்கு விலையும் குறைவு என்ற நியாயம் அங்கே குழாயடியிலேயே இருக்கிறது.

பிரிட்டனில் 2021 செப்டம்பரில் நூற்றுக்குப் பத்து கலக்கத் தொடங்கியபோது, பழைய வண்டிகளுக்காக நூற்றுக்கு ஐந்து கலந்த பெட்ரோலையும் பங்குகளில் வைத்தார்கள். எந்த வண்டிக்கு ஆகும், எதற்கு ஆகாது என்று ஜனங்கள் பார்த்துக்கொள்ளச் சர்க்காரே ஏற்பாடு செய்தது. ஜெர்மனியில் 2011இல் பத்து சதவீதக் கலவை வந்தபோது ஜனங்கள் சந்தேகப்பட்டு ஒதுங்கினார்கள். ஐந்து சதவீதப் பெட்ரோல் பக்கத்துக் குழாயில் இருந்ததால் யாருக்கும் நிர்ப்பந்தம் வரவில்லை. அமெரிக்காவில் 15 சதவீதக் கலவையை 2001க்கு முந்திய கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் போடக்கூடாது என்று விதி. முதலாளித்துவ நாடுகளே பழைய வண்டிக்காரனுக்கு ஒரு குழாய் விட்டு வைத்திருக்கின்றன. இங்கே மட்டும் ஏன் ஒரே குழாய்?

நமது நாட்டிலும் அறிவு இல்லாமல் இல்லை. பெட்ரோலில் எரிசாராயம் கலக்க 1948ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் சட்டம் வந்தது. 2021ஆம் ஆண்டு நிதி ஆயோக் அறிக்கையும் இ-20 வந்த பிறகும் பழைய வண்டிகளின் பாதுகாப்புக்காக இ-10 தொடர்ந்து கிடைக்கவேண்டும் என்று எழுதி வைத்தது. எழுதினார்கள், அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார்கள்.

விவசாயியின் பேரால்

“எத்தனாலை எதிர்ப்பவன் விவசாயிக்கு எதிரி” என்று ஒரு பிரசாரம் நடக்கிறது. ஆலைத் தொழிலாளியையும் விவசாயியையும் மோதவிடும் பழைய தந்திரம் இது. ஆகவே கரும்புக் கணக்கையும் பார்ப்போம்.

2025-26 பருவத்துக்கு மத்திய சர்க்கார் வைத்த கரும்பு விலை டன்னுக்கு 3,550 ரூபாய். அதுவும் 10.25 சதவீதம் சர்க்கரைக் கட்டுமானம் கிடைத்தால்தான். தமிழ்நாட்டின் பல ஆலைகளில் காட்டப்படும் 9.5 சதவீதத்துக்கும் அதற்குக் கீழும் என்றால் 3,290 ரூபாய் 50 காசுதான். இதற்குள் உரம், தண்ணீர், வெட்டுக்கூலி, வண்டி வாடகை எல்லாம் அடங்கவேண்டும். எத்தனாலுக்கு லிட்டர் விலை ஏறும்போது கரும்பு வெட்டும் தொழிலாளியின் கூலி இத்தனை ஏறவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சாராய வடிப்பு ஆலையின் லாபத்தில் கரும்பு போட்டவனுக்கு இத்தனை பங்கு என்று ஆலை வாசலில் எழுதி ஒட்டிய பலகையும் இல்லை.

தஞ்சை மாவட்டம் திருமண்டங்குடியில் கரும்புப் பணப் பாக்கிக்காகவும், தங்கள் பேரில் பாங்குகளில் வாங்கப்பட்ட கடனிலிருந்து விடுவிக்கக் கோரியும் 2022 நவம்பரில் விவசாயிகள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மாதங்கள் போய், ஆண்டுகள் போயும் அவர்கள் போராடவேண்டி வந்தது. விவசாயியின் பேரைச் சொல்லி எண்ணெய் விற்பவர்கள் அந்தப் பந்தலுக்கு எத்தனை முறை போனார்கள்?

இன்னொன்றும் உண்டு. 2024-25ஆம் ஆண்டில் உணவுக் கழகத்தின் அரிசியில் 52 லட்சம் டன்னை, கிலோ 22 ரூபாய் 50 காசு விலையில், எத்தனால் வடிக்க ஒதுக்கினார்கள். அந்த அரிசியை வாங்கிக் காத்து வைக்கச் சர்க்காருக்கு ஆகும் செலவு இதைவிட மிக அதிகம். கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் கிடைக்க, பயிர் வளர்ப்பதிலிருந்து கணக்கிட்டால், 2,860 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று நிதி ஆயோக் அறிக்கையே சொல்கிறது. குடிநீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும் புறநகர் ஜனங்களுக்கு இந்த எண் நன்றாகப் புரியும். எத்தனால் வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இத்தனை பேரின் அரிசியும் தண்ணீரும் பணமும் போட்டு நடக்கும் காரியத்தில், லாபம் மட்டும் சிலருக்கு ஏன் என்று கேட்கவே சொல்கிறோம்.

நாம் கேட்பது

ஒன்று: 2023 ஏப்ரலுக்கு முந்திய வண்டிகளுக்காக, ஒவ்வொரு பங்கிலும் ஒரு குழாயில் இ-10 பெட்ரோல் கிடைக்கவேண்டும். சர்க்கார் அறிக்கை சொன்னதைத்தான் கேட்கிறோம்.

இரண்டு: இ-20 விலையை, அதில் குறைந்துள்ள சக்திக்கு ஈடாகக் குறைக்கவேண்டும்.

மூன்று: எத்தனை சதவீதம் கலந்திருக்கிறது என்பதை ஒவ்வொரு பம்பிலும் தமிழில், கொட்டை எழுத்தில் எழுதவேண்டும். மழைக்காலத்தில் தினமும் நிலத்தடி டேங்கில் தண்ணீர்ச் சோதனை நடத்தி, முடிவைப் பலகையில் போடவேண்டும். தண்ணீர் கலந்த எண்ணெயால் கெட்ட வண்டிக்கு எண்ணெய்க் கம்பெனி நஷ்டஈடு தரவேண்டும்.

நான்கு: எந்த வருஷத்து எந்த வண்டிக்கு இ-20 ஆகும், எந்தப் பாகத்தை மாற்றவேண்டும் என்ற பட்டியலை வண்டிக் கம்பெனிகள் வெளியிடவேண்டும். அந்தப் பாகங்களை இலவசமாக மாற்றித் தரவேண்டும். தெருவோர மெக்கானிக்குகளுக்கும் இதில் பயிற்சி தரவேண்டும்.

ஐந்து: எத்தனால் வருமானத்தில் கரும்பு விவசாயிக்குப் பங்கும், கரும்பு வெட்டும் தொழிலாளிக்குக் கூலி உயர்வும் சட்டமாக வேண்டும்.

அதுவரை...

கோரிக்கை நிறைவேறும்வரை வண்டி ஓடவேண்டுமே! ஆகவே சில காரியங்களை உடனே செய்யுங்கள். பழைய வண்டியின் பெட்ரோல் டியூபை விரலால் அமுக்கிப் பாருங்கள். பிசுபிசுப்போ, வெடிப்போ, விறைப்போ இருந்தால் அன்றே மாற்றுங்கள். எத்தனால் தாங்கும் டியூப் என்று கேட்டு வாங்குங்கள். டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒரு சின்ன ஃபில்டர் போடுங்கள். நாள்கணக்கில் வண்டியை நிறுத்துவதானால் பெட்ரோல் காக்கை மூடி, கார்புரேட்டரில் இருப்பதை வடித்துவிடுங்கள். பாட்டிலில் மாதக்கணக்கில் பெட்ரோல் சேர்த்து வைக்காதீர்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியை டேங்கை வடிக்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். வண்டிப் பக்கத்தில் பெட்ரோல் வாசனை வந்தால் கசிவு எங்கே என்று பார்க்காமல் சாவியைத் திருகாதீர்கள். பங்கில் ஐந்து லிட்டர் அளவையும், அடர்த்திச் சோதனையையும், வடிதாள் சோதனையையும் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேளுங்கள்.

தோழர்களே! வண்டி கெட்டால் தலைவிதி என்று நொந்துகொண்டு, கடன் வாங்கி மெக்கானிக்குக் கொடுத்துவிட்டுப் போவது பழகிப்போன காரியம். இந்த முறை அப்படிச் செய்யவேண்டாம். மாற்றிய டியூபுக்கும் கேஸ்கட்டுக்கும் பில் வாங்கி வையுங்கள். தண்ணீர் வந்த பங்கின் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். அவற்றைச் சங்கத்தில் கொண்டுவந்து சேருங்கள். ஆலை வாசல் கூட்டத்தில் பேசுங்கள். விவசாயிகள் சங்கத் தோழர்களையும் அழைத்துப் பேசுங்கள். ஒரு தொழிலாளியின் பில் வெறும் காகிதம். ஆயிரம் தொழிலாளிகளின் பில் ஒரு கோரிக்கை. எண்ணெயில் எதைக் கலந்தாலும் சரி, அதன் நஷ்டத்தை உழைப்பாளியின் சம்பளத்தில் கலக்கக்கூடாது.